பெரட்டுல கூப்பிட்ட பேரு

அன்னிக்கும் பள்ளிக்கூட கென்டின்காரி நீலாவதி ஒரு கங்கோங் கீரைக் கட்ட வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா. இலையில இருந்த ஓட்ட வழியா குமுதவல்லிய பாத்தா.

"என்னக்கா இது, கீரையா கொசுவலையா?"

"பூச்சி தின்னுருக்கு. தின்ன பூச்சி சாகல, நல்லாதான் இருக்கு. அலசி ஆக்கு."

"பூச்சி தின்ன மிச்சத்த பிள்ளைங்களுக்குப் போடச் சொல்றியா? தூக்கிட்டுப் போ லா."

கட்டு வாசல்ல வந்து விழுந்துச்சு. மூணு வாரமா இதே கூத்துதான்.

குமுதவல்லி யாருன்னு சொல்லணும். சுவா ஊரு பக்கத்துல, இந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற எஸ்டேட்லயே பத்தொன்பது வருஷம் முதுகுல டாங்கிய மாட்டிக்கிட்டு களைக்கொல்லி மருந்து அடிச்சவ. மரத்தடி புல்லெல்லாம் கருகும்போது அவ விரலும் சேந்து வெந்துச்சு. ரெண்டு விரல்ல இன்னும் நகம் ஒழுங்கா முளைக்கல. ஒரு நாள் டாங்கிய கழட்டி ஸ்டோர் வாசல்ல போட்டுட்டு வந்தவ, தான் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னாடி கீரை போட்டா. ஒரு சொட்டு மருந்து கெடையாது. இடுப்பு ஒடிய குனிஞ்சு புழுவ கையாலயே பொறுக்குவா.

அப்பதான் ஒரு அரசாங்கத் திட்டம் வந்துச்சு. பள்ளிக்கூடத்தச் சுத்தி விளையிறத வாங்கி பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டா மானியம். பெரிய வாத்தியார் கிருபானந்தன் லயத்துக்கே நடந்து வந்து அவ பேர எழுதிக்கிட்டுப் போனாரு. அன்னிக்கு அவளுக்கு சோறு எறங்கல, அவ்வளவு சந்தோஷம். தன் உடம்புல ஏறின மருந்து அந்தப் பிள்ளைங்க வயித்துல போகக்கூடாது. அவ கேட்டது அது ஒன்னுதான்.

மானியம் வந்துச்சு. கீரை மட்டும் உள்ள போகல. நீலாவதிக்கு சிரம்பான் மொத்தக் கடை லோரி கீரைய வாசல்லயே எறக்கிடும், அதான் வசதி.

திட்டத்து அதிகாரி ரவிச்சந்திரன் கேமராவோட வர்ற நாளும் வந்துச்சு. குமுதவல்லி நல்ல சேலை கட்டி, இருக்கிறதுலயே நல்ல கட்டா பொறுக்கி எடுத்துட்டுப் போனா. அவரு குனிஞ்சு பாத்து மொகத்த சுளிச்சாரு.

"இந்த ஓட்டயெல்லாம் படத்துல தெரியும்கா. மேல அனுப்புற படம் இது."

நீலாவதி உள்ளேருந்து ஒரு கூடைய கொண்டாந்து அவ கையில திணிச்சா. லோரியில வந்த கீரை. பளபளன்னு இருந்துச்சு.

"இத பிடிச்சிட்டு கொஞ்சம் சிரிங்க," ன்னாரு அதிகாரி.

குமுதவல்லி ஒரு இலைய திருப்பிப் பாத்தா. இன்னொன்ன பாத்தா. கூடை பூரா தேடினா, ஒரு ஓட்ட இல்ல.

"இத புழு கூட சீண்டல சார், அவ்வளவு மருந்து. நீங்க ஒரு இலைய பச்சையா மெல்லுங்க. அப்புறம் நான் சிரிக்கிறேன்."

அவரு கைக்கடிகாரத்த பாத்தாரு.

"குமுதவல்லி, வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காத," ன்னாரு பெரிய வாத்தியார்.

"எவனோ விளைச்சத எம் பேருல தூக்கிட்டு நிக்கச் சொல்றீங்க. யாரு மானம் சார் போவுது?"

கூடைய தரையில வச்சிட்டு நடந்தா. "திமிரு. இனிமே இந்தப் பக்கம் வரட்டும், பாத்துக்கிறேன்," ன்னு நீலாவதி கத்துனது பள்ளிக்கூட வாசக் கேட்டு வரைக்கும் கேட்டுச்சு.

அடுத்த வாரம் அந்தக் கேட்டு பக்கத்துல இருக்கிற போர்டுல படம் தொங்குச்சு. கூடைய பிடிச்சிட்டு சிரிக்கிறவ நீலாவதி. கீழ எழுதியிருந்த பேரு, 'உள்ளூர் விவசாயி குமுதவல்லி'. மானியத்துக்கு எழுதிக் குடுத்த பேர மாத்த முடியாதுல்ல! பாக்கிற நமக்கே நெஞ்சு கொதிக்குது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவ அழல. அந்தப் பேர ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சா.

எஸ்டேட்ல விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நிக்கிறது பெரட்டு. கணக்கு எழுதுற கிராணி பேரு கூப்பிடுவாரு. கூப்பிட்டாச்சுன்னா அன்னிக்கு வேலை உண்டு, ஆள திருப்பி அனுப்ப முடியாது. பத்தொன்பது வருஷம் அந்த வரிசையில நின்னவ அவ.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்து சபைக்கூடல். பிள்ளைங்க வரிசையா நிக்குதுங்க, பெத்தவங்க வேலிக்கு வெளிய மோட்டார் சைக்கிள நிறுத்திட்டு நிக்கிறாங்க. குமுதவல்லி தன் கீரைக் கூடையோட வந்து கடைசி வரிசையில நின்னா.

"குமுதவல்லி வந்தாச்சு சார்."

பெரிய வாத்தியார் பேச்ச நிறுத்துனாரு. "என்ன இது?"

"போர்டுல எம் பேரு கூப்பிட்டிருக்கீங்க. ஆளு வந்தாச்சு, கீரையும் வந்தாச்சு. எடுத்துக்குங்க. இல்லன்னா படத்துல நிக்கிறது யாருன்னு அந்த மைக்குலயே சொல்லிடுங்க."

வேலிக்கு வெளிய நின்ன ஒருத்தரு படத்த பாக்க போர்டுக்கிட்ட போனாரு. இன்னொருத்தரும் போனாரு. கிருபானந்தன் அத பாத்துட்டு எச்சில் முழுங்கினாரு.

"நீலா, வாங்கி வை."

நீலாவதி கூடைய பிடுங்கிட்டுப் போனா. குமுதவல்லி பின்னாடியே போய் கென்டின் வாசல்ல நின்னா.

"வாங்கிட்டேன்ல. கெளம்பு."

"சட்டியில விழட்டும். போறேன்."

"நாளைக்கும் கொசுவலைதானா?"

"நாளைக்கு பயத்தங்காய். அதுலயும் ஓட்ட இருக்கும். நின்னு எண்ணு."

நீலாவதி குழாய படார்னு திறந்தா. குமுதவல்லி அசையல. மூணு தண்ணி அலசி, அரிஞ்சு, சட்டியில போடுற வரைக்கும் கண்ண எடுக்காம நின்னா.