திரைக்குப் பின்னால் இரண்டு செல்லோ

அந்த ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ என்னும் பெரிய வயலினை வாசிப்பவர்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். இரண்டு பேருக்கு ஒரு தாங்கி, தாங்கியில் ஒரே ஒரு இசைப் புத்தகம். வெளிப்பக்கம் உட்காருபவர் நிறுத்தாமல் வாசிப்பார். உள்பக்கம் உட்காருபவர் பக்கத்தைத் திருப்ப வேண்டும். திருப்புகிற நேரத்தில் அவருக்கு வாசிப்பு கிடையாது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மனிதரின் வீட்டில் நாத்தனார் என்று ஒருத்தி இருந்திருக்கவே மாட்டாள். இருந்திருந்தால் இரண்டாவது தாங்கியில் நடப்பதை முன்கூட்டியே யோசித்திருப்பார். அங்கே வெளிப்பக்கம் அண்ணி, உள்பக்கம் நாத்தனார். பல வருஷங்களாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு சொல் பேசாமல், ஒரே புத்தகத்தைப் பார்த்து இருவரும் வாசித்து வந்தார்கள்.

நாத்தனாருக்கு அங்கே மிளகாய் என்று பெயர். வைத்தவர்களும் பயந்துகொண்டு அவள் காதுபடச் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுடைய அப்பா நாடக அரங்கத்தில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து செல்லோ வாசித்தவர். மகனுக்கும் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். மகன் சீக்கிரமே கை கழுவிவிட்டுப் பல்செட் செய்யும் வேலைக்குப் போனான். மகள் விடாமல் பிடித்துக்கொண்டாள். விரல் நுனி வெடித்தால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்தாள். கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களை ஒரே பார்வையில் துரத்தினாள். வீட்டில் அவள்தான் செல்லோ, செல்லோதான் அவள் என்று ஆன பிறகு, அண்ணன் ஒருத்தியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான். வந்தவளும் செல்லோ வாசிக்கிறவளாக இருந்தாள். ஊரில் வேறு பெண்ணே கிடைக்கவில்லையா என்று மிளகாய் அன்றைக்குக் கேட்டது இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் ஆறவில்லை.

அப்பா மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். மகள் வாசித்தபோது அவர் ஒருநாளும் அப்படிப் பேசாமல் இருந்ததில்லை. எப்போதும் ஏதாவது திருத்தம் சொல்வார். அந்த மௌனத்தை அவள் மன்னிக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் தன் செல்லோவை மகள் பக்கம் காட்டிச் சொன்னார்:

“கை உங்கண்ணிக்கு இருக்கு. இது உனக்கு இருக்கட்டும்.”

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று கேட்க அவர் இல்லை. அவள் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டாள். எவளுக்குக் கை இருந்தால் என்ன, அப்பா செல்லோவின் குரல் என்னிடம் இருக்கிறது. அதை ஒரு மந்திரம்போல மனதுக்குள் வைத்துக்கொண்டுதான், பின்னால் வந்து சேர்ந்த அண்ணிக்கு வெளிப்பக்க நாற்காலி கிடைத்தபோதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் திருப்பினாள்.

இப்போது முதல் தாங்கியில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். செல்லோக்களுக்குத் தலைமை, தனியாக வாசிக்கும் இடமெல்லாம் அந்த நாற்காலிக்குத்தான். அடுத்த வாரம் தேர்வு. தேர்வில் வாசிப்பவர் திரைக்குப் பின்னால் இருப்பார்; யாரென்று நடுவர்களுக்குத் தெரியாது. நடுவர்களும் ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களே. அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த ஆள் வெளியே. அண்ணி விண்ணப்பித்திருந்தாள். நடுவர்களில் ஒருத்தி மிளகாய்.

தேநீர் வேளையில், அண்ணியின் சிநேகிதிகள் பக்கத்து மேசையில் இருக்கும்போதே அவள் சொன்னாள்:

“திரை என்ன, நடுவுல சுவரே கட்டினாலும் அவங்க சத்தம் எனக்குத் தெரியும். தெரிஞ்சா என்ன செய்வேன்னும் எல்லாருக்கும் தெரியும்.”

எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அண்ணிக்கும் போய்ச் சேர்ந்தது. பத்து விரலையும் வைத்து வாசித்தாலும் இவள் ஒருத்தி தலையை ஆட்டினால் போச்சு என்று தெரிந்தும், அண்ணி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கவில்லை. அந்த வீம்பு மிளகாய்க்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான காலை நிகழ்ச்சி வந்தது. ரொமான்டிக் காலத்து இசையமைப்பாளர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லி, அவருடைய சிம்பொனியில் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். சொல்லும் பொறுப்பை மேலாளர் மிளகாயிடம் கொடுத்தார். இந்தச் சிடுமூஞ்சிக்குப் பிள்ளைகளிடம் என்ன வேலை என்று கேட்டவர்களிடம், பயந்தாவது உட்காருவார்கள் என்றாராம்.

மேலாளர் எழுதிக் கொடுத்ததில் அந்த இசையமைப்பாளர் காட்டில் நடந்தார், பறவைகளை நேசித்தார், நிலவைப் பார்த்து ஏங்கினார். மிளகாய் அதை மடித்து வைத்துவிட்டுத் தன் போக்கில் ஆரம்பித்தாள். ரொமான்டிக் என்றால் காதல் மட்டும் இல்லை, மனதில் இருப்பதை அடக்கி வைக்காமல் கொட்டித் தீர்த்த காலம் என்றாள். அந்த மனுஷன் ஒரு சண்டைக்கோழி என்றாள். தன்னைத் திட்டி எழுதிய விமர்சகரின் பெயரைத் தன் நாய்க்கு வைத்து, தினமும் தெருவில் நின்று அதை ‘உட்காரு, வாயை மூடு’ என்று அதட்டினார் என்றதும் அரங்கமே அதிர்ந்தது. பிள்ளைகள் பயப்படவில்லை. இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து கேட்டார்கள்.

ஆர்கெஸ்ட்ராவையும் அப்படித்தான் காட்டினாள். ஒரு பெரிய குடும்பம், ஒற்றுமை கிடையாது. வயலின்களுக்கு எப்போதும் தாங்கள்தான் முதலில் பேச வேண்டும். டிரம்பெட் யார் சொன்னாலும் அடங்காது. டிம்பனி முரசு அரைமணி நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியில் பேச்சை முடித்துவிடும், எங்கள் பெரியப்பா மாதிரி. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அதை வாசிப்பவர் எழுந்து ஒரு துண்டு வாசித்துக் காட்டினார்.

பிறகு வாத்தியார் கதையைச் சொன்னாள். இசையமைப்பாளருக்கு இளவயதில் ஒரு வாத்தியார் இருந்தார். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒரு போட்டிக்கு நடுவராக அந்த வாத்தியாரே வந்தார். இவர் வேறொரு பெயரில் ஒரு மெட்டை அனுப்பினார். வாத்தியார் கேட்டுவிட்டுக் கண் கலங்கிப் பரிசு கொடுத்தார். எழுதியது யாரென்று தெரிந்த மறுநாளே, அந்த மெட்டில் ஆரம்பத்திலிருந்தே ஏதோ சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த மெட்டுதான் இந்தச் சிம்பொனியின் மெதுவான பகுதியில் செல்லோ தனியாக வாசிக்கிற மெட்டு.

இந்தக் கதையை வைத்து மேலாளர் ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்திருந்தார். மேடையில் ஒரு திரை. அதன் பின்னால் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக அதே மெட்டை வாசிப்பார்கள். பிள்ளைகள் யாரென்று தெரியாமல் கேட்டு, பிடித்ததற்குக் கை தூக்க வேண்டும். வாசிப்பவர்கள் அண்ணியும் கடைசித் தாங்கித் தாடிக்காரரும் என்று மிளகாய்க்குச் சொல்லியிருந்தார்கள். தாடிக்காரர் அன்று காலை பல்வலி என்று வரவில்லை. அது அவளுக்குத் தெரியாது; அவள் அதற்குள் கீழே பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தாள். மேலாளர் அவசரத்தில் அண்ணியே இரண்டையும் வாசிக்கட்டும் என்று முடிவு செய்தார். இரண்டாவதுக்கு வேறு செல்லோ வேண்டுமே என்று, மேடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மிளகாயின் செல்லோவைத் தூக்கிக் கொடுத்தார்.

மிளகாய் முதல் வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டாள். முதல் வாசிப்பில் அவள் தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்தாள். தாடிக்காரரிடம் இப்படி ஒன்று இருந்ததா என்று ஆச்சரியப்பட்டாள். இரண்டாவது தொடங்கியதும் பின்னால் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். வறண்ட, அடிவயிறு இல்லாத குரல். அண்ணிதான், சந்தேகமே இல்லை.

செல்லோக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. வாத்தியத்தை மார்பில் சாய்த்துக்கொண்டு, கழுத்து காதோரம் இருக்க, பின்னாலிருந்து கேட்டே அவர்களுக்கு வயதாகிவிடும். சத்தம் போவது முன்பக்கம். தன் செல்லோ அரங்கத்தில் எப்படிக் கேட்கும் என்று அவள் ஒருநாளும் இறங்கி வந்து உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அண்ணியின் செல்லோவையும் பக்கவாட்டில் இருந்துதான் கேட்டிருந்தாள்.

பிள்ளைகள் கை தூக்கினார்கள். பாதி இதற்கு, பாதி அதற்கு. முன் வரிசையில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி, உங்களுக்கு எது பிடித்தது என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், மிளகாய் எழுந்து நின்றாள். திரைக்குப் பின்னாலும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினாள்.

“முதல்ல வாசிச்சவர் மனசால வாசிச்சார். ரெண்டாவது வெறும் மரப்பெட்டி. அதுல உயிரும் இல்ல, வாசிக்கிற கையில ஒண்ணும் இல்ல. இதை வெச்சுக்கிட்டு தலைமை நாற்காலிக்கு ஆசைப்படுறவங்களும் இருக்காங்க.”

திரை விலகியது. அண்ணி மட்டும் இருந்தாள். அவள் கையில் இருந்தது அப்பாவின் செல்லோ. பக்கத்தில் தரையில் அவளுடையது படுத்துக் கிடந்தது.

மேலாளருக்கு எந்த இடத்தில் சந்தோஷப்படக் கூடாது என்பது ஒருபோதும் தெரிந்ததில்லை. இரண்டையும் வாசித்தது ஒரே ஆள், இரண்டாவது செல்லோ கதை சொன்ன அக்காவுடையதேதான் என்று கைதட்டி அறிவித்தார். மேடையில் இருந்த யாரும் கை தட்டவில்லை. வயலின்காரர்கள் தங்கள் வில்லை ஆராய்ந்தார்கள். மிளகாயின் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்ப ஏன் அதைத் திட்டினீங்க?” என்றாள் முன்பல் விழுந்த சிறுமி.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னது என்று மேலாளர் சமாளித்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்திருக்கலாம். ஒரு கணம் தப்பிக்கத்தான் நினைத்தாள். ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் நிஜமாகவே பதில் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“விளையாட்டு இல்ல. இவங்க எங்க அண்ணி. எனக்கு இவங்களைப் பிடிக்காது. ரெண்டாவதுதான் இவங்கன்னு நெனச்சேன். அதனால எனக்கு அப்படிக் கேட்டுச்சு.”

“அந்த வாத்தியார் மாதிரியா?”

“ஆமா. அவரை மாதிரி.”

சிறுமிக்கு அது போதுமானதாக இருந்தது. தனக்கும் தன் அண்ணனைப் பிடிக்காது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான் போதவில்லை. டிரம்பெட்காரர் இருமினார். மிளகாய் மேடையேறிப் போய், அண்ணியின் கையிலிருந்து செல்லோவை வாங்கிக்கொண்டு உள்பக்கம் உட்கார்ந்தாள். சிம்பொனி ஆரம்பித்தது. பக்கம் வந்தபோது திருப்பினாள். அண்ணியை அவள் முன்பைவிட அதிகமாக வெறுத்தாள். அதைவிட அதிகமாகத் தன்னை வெறுத்தாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

பிள்ளைகள் போன பிறகு, வாத்தியங்களை வைக்கும் அறையில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும் இருந்தார்கள். மிளகாய் சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வாரம் நான் நடுவராக வரப்போவதில்லை, இப்போதே மேலாளரிடம் பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன் என்றாள். இனி அண்ணிக்கு எந்தத் தடையும் இல்லை என்றாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய்விட்டது. அண்ணி நன்றி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தாள்.

அண்ணி நன்றி சொல்லவில்லை. வில்லின் மயிரைத் தளர்த்தி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் திரும்பினாள்.

“நீ ஒதுங்கிட்டேன்னா, நாத்தனார் விட்டுக் கொடுத்ததாலதான் கெடச்சுதுன்னு பேசுவாங்க. எனக்கு அது வேண்டாம். நீ வரணும், முன்னாடி உட்கார்ந்து கேக்கணும். திரைக்குப் பின்னால எது நான்னு இனிமே உனக்குத் தெரியாது.”