காரில் ஏறாத பெட்டி

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போன வருடம் சித்திரையில் திருப்பூரில் நடந்ததை எழுதுகிறேன்.

பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங்கில் இருக்கிறேன். சரக்கு கப்பலுக்குப் போகும் முன், வாங்குகிறவர்கள் சார்பில் தரம் பார்க்கிற க்யூ.சி. ஒருவர் வந்து பார்த்து பாஸ் செய்வார். கிளம்பும்போது முதலாளி ஒரு பரிசுப் பெட்டியை நீட்டுவார். க்யூ.சி. "அட, வேண்டாங்க" என்பார். அப்படிச் சொன்னால் காரில் வைத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். வைப்பது நான்தான். அதிகம் பேசாதவன் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சித்திரையில் என் மனைவிக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்தது. தாராபுரம் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். எங்களுக்கு முன்னால், டை கட்டிய மருந்துக் கம்பெனித் தம்பி ஒருவர் பெரிய பெட்டியோடு உள்ளே போனார். "வேண்டாங்க தம்பி" என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் டோக்கன் கொடுக்கும் அக்கா அந்தப் பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போனார். வாசலில் டாக்டரம்மாவின் கார் நின்றது. எனக்குத் தெரியாத வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

நேரில் யாரிடமும் வாய் திறக்காதவன், அன்று வீட்டுக்கு வந்ததும் செல்போன் மேப்பில் அந்தக் கிளினிக்கைத் தேடி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். போனில் எழுத்தைத் தட்ட வராததால் மைக்கை அமுக்கிப் பேசினேன். "மருந்துக் கம்பெனிகிட்ட பெட்டி வாங்கிட்டு மாத்திரை எழுதறாங்க. யாரும் போகாதீங்க." நிறையப் பேர் அதற்கு லைக் போட்டார்கள். சந்தோஷமாகக்கூட இருந்தது. பெட்டிக்காக எழுதிய மாத்திரைதானே என்று மனைவிக்குக் கொடுப்பதையும் பாதியில் நிறுத்திவிட்டேன்.

புண் கறுத்துவிட்டது. குளிர்காய்ச்சலும் வந்தது. "அந்தம்மாகிட்டயே போலாமுங்க" என்றாள் மனைவி. போனோம்.

காத்திருந்தபோது வேறொரு கம்பெனிக்காரர் வந்தார். அதே அக்கா அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். என் கண்ணும் கூடவே போனது. அக்கா காரைத் தாண்டிப் போய், வந்தவரின் பைக்கில் வைத்துக் கட்டினார். "அம்மா தொடவே மாட்டாங்க. உட்டா இங்கயே வெச்சுட்டு ஓடீர்றாங்க. எனக்கு இதே பொழப்பாப் போச்சுங்க" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அப்படியென்றால் அன்று நான் பார்த்த பெட்டியும் காரில் ஏறவில்லை.

உள்ளே டாக்டரம்மா கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்து புண்ணைத் துடைத்தார்.

"மாத்திரைய ஏனுங்க நிறுத்துனீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கட்டுப் போட்டபடியே அவர் மனைவியிடம், "உங்க ரெண்டு பேரு போட்டோ நல்லா இருக்குதுங்க. மக கல்யாணத்துல எடுத்ததுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நீங்க எங்கீங்க பாத்தீங்க?" மனைவிக்கு ஒரே பெருமை.

"போன்லதானுங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டை முடித்தார்.

நான் போட்ட நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் படமும் வரும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எங்களை அனுப்பிவைத்தார். கால் தப்பியது. சுண்டுவிரல் போய்விட்டது.

கம்பெனி ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணிடம் சொல்லி, எழுதியதை அழித்துவிட்டேன். அதைப் படித்தவர்கள் மனதில் இருப்பதை எப்படி அழிப்பது? க்யூ.சி. இப்போதும் வருகிறார், "வேண்டாங்க" என்கிறார், நானும் பெட்டியைக் காரில் வைக்கிறேன். மாத்திரையை நான் ஏன் நிறுத்தினேன் என்று மனைவிக்கு இன்னும் தெரியாது. வாராவாரம் உங்கள் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிப்பவள் அவள். இத்தனை வருடம் பெட்டி தூக்கிப் பழகிய கை, வேண்டாம் என்று மனதாரச் சொல்லும் ஒருவரைக்கூட என்னை நம்பவிடவில்லை என்பதை, வாயால் சொல்லத் தைரியமில்லாத நான் அவளுக்கு இங்கேதான் சொல்ல முடிகிறது.

எழுதியது: ஆயுத பூஜைக்கு மறுநாள், கம்பெனி விடுமுறை.