லூர்துராணி டீச்சரின் நாற்பது சொற்கள்

1982-ஆம் வருஷம், தன் முப்பத்தாறாவது வயதில், லூர்துராணி அஞ்சல் வழியில் எம்.எட். சேர்ந்தாள். பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. தலைமையாசிரியை ஆவதற்கு அது உதவும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள், சேர்ந்தாள். பாடங்கள் தபாலில் வரும். சனிக்கிழமைகளில் டவுனில் ஒரு கல்லூரியில் வகுப்பு. மற்ற நாட்களில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பாலக்கரைப் பள்ளிக்கு பஸ்ஸில் போகும்போதுதான் படிப்பு. அவள் கணவன் செபஸ்தியான் பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர்.

முதல் வருஷம் வந்த பாடங்களில் ஒன்று நான்கே பக்கம். நல்ல அறிவு இருந்தும் சில பிள்ளைகளுக்குப் படிக்க மட்டும் வராது, அதற்குச் சோம்பலோ மந்தபுத்தியோ காரணமில்லை என்றது அது. பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் படித்த லூர்துராணிக்குக் கமர் ஜஹானின் முகம்தான் ஞாபகம் வந்தது.

கமர் ஜஹான் ஆறாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அவள் அத்தாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் பழக்கடை. ஒரு செய்யுளை ஒரு தடவை கேட்டால் அப்படியே ஒப்பிப்பாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போச்சு. 'திருச்சி நகரம்' என்பதை 'திருச்சி நரகம்' என்று படித்தாள். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். இந்த வருஷமும் தேறாவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றியே ஆய்வு செய்யலாம் என்று லூர்துராணி முடிவு பண்ணினாள். அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த பேராசிரியர் ரெங்கநாதனின் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். அவர் ஒரேயடியாக மறுத்துத் தலையசைத்தார்.

"வேண்டாம்மா. இதுக்கு இருக்கற சோதனையெல்லாம் இங்கிலீஷுக்குப் பண்ணினது. தமிழ்ல எதை வெச்சுண்டு அளப்பேள்?"

"நானே ஒரு பட்டியல் தயார் பண்றேன் சார்."

"பண்ணுங்கோ. முதல்ல நன்னாப் படிக்கத் தெரிஞ்சவாகிட்ட குடுத்து, எத்தனை நிமிஷம் ஆறதுன்னு பாருங்கோ. அது தெரியாம பிள்ளைகளைச் சோதிக்கப்படாது."

நாற்பது சொற்களைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதினாள். பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ் ஒரு நிமிஷத்துக்குள் படித்து முடித்தார். அவர் மனைவி செல்வமேரியும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செபஸ்தியானிடம் தாளை நீட்டினாள்.

"கண்ணு வலிக்குது, ராணி."

"ஒரே நிமிஷங்க. பேப்பர்கூடப் படிக்க மாட்டேங்கிறீங்க, இதையாவது படிங்க."

அவன் வாங்கிப் படித்தான். ஐந்தாவது சொல்லுக்கு வரும்போதே இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. விரலை வைத்து, வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்து, பிறகு சத்தமாகச் சொன்னான். 'மலர்' 'மரல்' ஆயிற்று. 'நகரம்' வந்தபோது "நரகம்" என்றான்.

லூர்துராணி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. தாளை மேஜையில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தான். அதற்குள் அவளுக்குக் கல்யாணமான பன்னிரண்டு வருஷமும் கண்முன் ஓடி முடிந்திருந்தது. ஊரிலிருந்து வரும் கடிதத்தை அவளிடமே கொடுத்து, "நீயே படி, உன் குரல்ல கேட்டா நல்லாருக்கு" என்பான். எந்த விண்ணப்பமாக இருந்தாலும் அவள்தான் எழுதுவாள். ஒர்க் ஷாப்பில் மேற்பார்வை வேலைக்கான சார்ஜ்மேன் பரீட்சைக்கு மூன்று தடவை கூப்பிட்டும் அவன் போகவில்லை. முன்னுக்கு வரும் ஆசையே இல்லாத மனுஷன் என்று அவனைத் தன் தங்கையின் முன்னாலேயே திட்டியிருக்கிறாள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"டீச்சரைக் கட்டிக்கிட்டு, படிக்க வராதுன்னு எப்படிச் சொல்றது?" சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், சாப்பிடவில்லை. "அந்தத் துலுக்க வீட்டுப் பொண்ணைப் பத்திச் சொன்னியே. அது மக்குப் பொண்ணா?"

"இல்லீங்க. கெட்டிக்காரி."

"அப்ப நான்?"

அவள் எழுந்துபோய் அந்த நான்கு பக்கத்தை எடுத்துவந்து வாசித்துக் காட்டினாள். ஒரு பத்தியை மறுபடியும் படிக்கச் சொன்னான். பிறகு சாப்பிட்டான்.

தலைமையாசிரியையிடம் கேட்டு, மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த அறையை வாங்கிக்கொண்டாள். பள்ளி விட்டதும் முக்கால் மணி நேரம், கமர் ஜஹானோடு இன்னும் ஐந்து பெண்கள். மணலில் எழுதவைத்தாள், சொல்லை உடைத்து உடைத்துச் சொல்லவைத்தாள். பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. வீட்டில் அதைச் சொன்னபோது செபஸ்தியான், "கண்ணால பார்த்தா எழுத்து ஓடுது. கையில பிடிச்சாத்தான் நிக்கும்" என்றான்.

அடுத்த வாரம் காலி எண்ணெய் டின்களை வெட்டி, உள்ளங்கை அளவில் எழுத்துகள் செய்ய ஆரம்பித்தான். கையைக் கிழிக்காதபடி ஒவ்வொரு ஓரத்தையும் அரம் போட்டான். கொம்பு தனி, கால் தனி. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி எழுத்தைச் சொன்னார்கள். வேறு வேலை இல்லாத ஞாயிறுகளில் அவனும் அதே எழுத்துகளை மேஜையில் பரப்பிக்கொண்டு மனைவி எதிரில் உட்கார்ந்தான். முதல் சில மாதம் அடிக்கடி கோபித்துக்கொண்டு எழுந்துபோனான்.

ஆய்வேட்டில் அவனையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்தான்.

"வயசைப் போடு. வேலையைப் போடு. பேரு வேணாம்."

1984-இல் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஆறு பெண்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். அது சரிதான் என்று லூர்துராணி ஒப்புக்கொண்டாள். பிறகு பக்கங்களைப் புரட்டியவர், "நாற்பத்தொரு வயது ஃபிட்டர்னு ஒருத்தர் வராரே, அவர் எப்படிக் கிடைச்சார்?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவர் சார்."

ரெங்கநாதன் இருமினார். அவருக்கு விஷயம் தெரியும்.

இரண்டாம் வகுப்பில் தேறினாள். தலைமையாசிரியை பதவி அவளைவிட அனுபவத்தில் மூத்தவருக்குப் போயிற்று. மாடிப்படி அறை மட்டும் அவளிடமே இருந்தது. அந்த ஆறு பெண்களில் நால்வர் நன்றாகப் படிக்கக் கற்றார்கள். ஒருத்தி பாதியில் நின்றுவிட்டாள். ஒருத்திக்கு என்ன செய்தும் வரவில்லை. அது ஏன் என்று லூர்துராணிக்குக் கடைசிவரை தெரியவில்லை. கமர் ஜஹான் பத்தாவதில் தமிழில் மட்டும் தவறி, செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினாள்.

செபஸ்தியான் 1986-இல் சார்ஜ்மேன் பரீட்சை எழுதித் தோற்றான். மறுவருஷம் தானாகவே மறுபடி எழுதினான். இந்தத் தடவை தேறிவிட்டான். பதவி உயர்வோடு தினமும் ஷிஃப்ட் முடிவில் ஒரு பக்க ரிப்போர்ட் எழுதும் வேலையும் வந்து சேர்ந்தது. மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் எழுதியதற்கு அவனுக்கு அரைமணி ஆகும். ரிட்டயர் ஆகும்வரை அதைத் திட்டிக்கொண்டேதான் எழுதினான்.