சீரா இல்ல

எங்கம்மாவுக்கு என்னைப் பத்திப் பெருமையா சொல்லிக்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்துச்சு. அதுவும் நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. நான் வயித்துல இருந்தப்போ ஆஸ்பத்திரியில ஏதோ ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்திருக்காங்க. அம்மா வயித்தைச் சுத்தி ஒரு பெல்ட்டைக் கட்டி, உள்ள இருக்கற பிள்ளையோட இதயத் துடிப்பைக் காகிதத்துல கோடு கோடா எடுத்திருக்காங்க. அதைப் பார்த்த டாக்டரம்மா நல்லா துடிக்குதுன்னு சொன்னாங்களாம். அவ்வளவுதான். எங்க தெருவுல நான் வயித்துக்குள்ளயே பரீட்சை எழுதி பாஸான பையன் ஆயிட்டேன். அதுக்கப்புறம் வெளிய வந்து நான் எழுதின பரீட்சைங்களைப் பத்தி அம்மா யார்கிட்டயும் வாயைத் திறந்ததில்ல. நியாயம்தான்.

துடிப்பான பிள்ளைன்னு பேரு வாங்கிட்டு நான் வளர்ந்த லட்சணம் வேற. ஞாயித்துக்கிழமை என்னை எழுப்பணும்னா இப்பவும் தண்ணி தெளிக்கணும்.

போன வருஷம் அதே ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. அப்ப வயித்துல இருந்த பிள்ளைங்க எல்லாம் வளர்ந்துட்டாங்க, இப்ப அவங்க துடிப்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும், வருவீங்களான்னு கேட்டாங்க. முடியாதுன்னு நான் சொல்றதுக்குள்ள அம்மா போனைப் பிடுங்கி வர்றோம்னு சொல்லிட்டாங்க.

எனக்கு அது சரியான நேரமே இல்ல. மூலக்குளத்துல ஒரு பொண்ணு பார்த்துட்டு வந்திருந்தோம். அவ என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். பஜ்ஜி ஆறிடுச்சு, வேற சூடா போட்டு எடுத்தாரவான்னு. அதுல நான் காலி. கட்டினா இவளைத்தான்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். ஆனா அவங்கப்பா இன்னும் முடிவு சொல்லல. அவரு ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளைக்கு சுகர் இருக்குன்னு தெரிஞ்சு, வந்த வழியே திருப்பி அனுப்பினவர். எனக்கு லேசா தும்மல் வந்தாக்கூட மூக்கைப் பொத்திக்கிட்டேன்.

அம்மாவுக்கு வேற கவலை. எங்க வீட்டு ஃபிரிட்ஜோட கதவு நிக்காது, கயித்தால கட்டித்தான் வச்சிருக்கோம். சீர்வரிசையில டபுள் டோர் ஃபிரிட்ஜ் வரும்னு நம்பி, கிரைண்டரை நகர்த்தி மூலையில இடம்கூட ஒழிச்சு வச்சுட்டாங்க. எனக்கு எந்தச் சீரும் வேணாம்மான்னு சொன்னேன். உனக்கு யாருடா கேட்டா, எனக்கு வேணும்னுட்டாங்க.

ஆஸ்பத்திரியில என்னைப் படுக்க வச்சு, நெஞ்சுல அங்கங்க முடியைச் சிரைச்சு, ஸ்டிக்கர் ஒட்டி ஒயரை மாட்டினாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்த தம்பி பொறுமைசாலி. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இருக்கற நேரம் ஒரே மாதிரி இருக்கக்கூடாதாம். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகணும், விடும்போது கொஞ்சம் நிதானமாகணும். கடிகாரம் மாதிரி ஒரே தாளத்துல அடிச்சா அது அவ்வளவு நல்லதில்லையாம். வயித்துல இருந்தப்போ இருந்த அந்த ஏத்த இறக்கம் வளர்ந்தப்புறமும் தொடருதான்னு கண்டுபிடிக்கறதுதான் இவங்க ஆராய்ச்சி. எல்லாம் சொல்லிட்டு, திரையைப் பார்த்து, "உங்க துடிப்பு சீரா இல்ல சார், ரொம்ப நல்லாருக்கு" அப்படின்னார்.

அம்மா மொகம் செத்துப்போச்சு. அவர் மறுபடியும் முதல்லேர்ந்து விளக்கினார். சீரா இல்லாம இருக்கறதுதாம்மா நல்லது. அம்மாவுக்கு உயிர் வந்துச்சு. இவன் ஆபீஸ் போறதும்தான் சீரா இல்ல, அதையும் எழுதிக்கங்க தம்பின்னாங்க. அப்புறம் என் இடுப்புல ஒரு சின்ன பெட்டியைக் கட்டி, நெஞ்சு ஒயரையெல்லாம் அதுல சொருகி, இது ராத்திரி பகல் பூரா துடிப்பைப் பதிவு பண்ணும், நாளைக்குக் கொண்டாந்து குடுங்கன்னு அனுப்பிட்டாங்க.

லாஸ்பேட்டையில எங்க வீட்டுப் படி ஏறும்போதே பொண்ணோட அப்பா போன் பண்ணிட்டார். சாயங்காலம் சீர் விஷயமா பேச வரலாமான்னு கேட்டிருக்கார். அம்மா வாய் சும்மா இருக்குமா? இப்பதாண்ணே ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம்னு ஆரம்பிச்சாங்க. எங்க ஏரியாவுல விமானம் எப்பவாவதுதான் வரும். அன்னிக்கு, அந்த நிமிஷம், எங்க மொட்டைமாடிக்கு மேலயே வந்துச்சு. அம்மா விடல, அதுக்கு மேல கத்தினாங்க: "சீரா இல்லையாம்ண்ணே! சீரா இல்லாம இருக்கறதுதான் நல்லதாம்!"

 அவரு தழுதழுத்த குரல்ல, நேர்ல வர்றோம்னு சொல்லி வச்சுட்டாராம்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. சுகருக்கே ஒருத்தனை விரட்டினவர்கிட்ட என் ஹார்ட் சரியா அடிக்கலன்னு ஊரு கேக்கச் சொல்வியாம்மான்னு குதிச்சேன். அம்மா அப்படியே படியில உட்கார்ந்துட்டாங்க. கேட்டா வாயுத் தொல்லைன்னு சொல்லிடலாம்டான்னு முனகினாங்க.

சாயங்காலம் பொண்ணு, அவங்கப்பா, அவங்கம்மா மூணு பேரும் வந்தாங்க. ஒயர் தெரியக்கூடாதுன்னு நான் சட்டைக்கு மேல சட்டை போட்டிருந்தேன். பாண்டிச்சேரி புழுக்கத்துல ரெண்டு சட்டை. வியர்த்து ஊத்தி, அசல் ஹார்ட் பேஷண்ட் மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

பொண்ணோட அப்பா காபியைத் தொடல. கண்ணு கலங்கியிருந்துச்சு. சரி, முடிஞ்சுது கதைன்னு நினைச்சேன்.

"நீங்க போன்ல சொன்னதைக் கேட்டதுலேர்ந்து எனக்குப் பேச்சே வரல சம்மந்தி. சீர் இல்லாம இருக்கறதுதான் நல்லதுன்னு இந்தக் காலத்துல எந்த மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க?"

சம்மந்தின்னே கூப்பிட்டுட்டார். விமானச் சத்தத்துல துடிப்பு, ஆராய்ச்சி எல்லாம் முழுகி, அவர் காதுல சீரு மட்டும்தான் விழுந்திருக்கு.   அம்மா மனசுல ஓடுறது எனக்குத் தெரிஞ்சுது. சீர் இல்லன்னு சொல்லலண்ணே, சீரா இல்லன்னுதான் சொன்னேன்னு சொல்லலாம். எது சீரா இல்லன்னு அவர் அடுத்த கேள்வி கேப்பார். அம்மா ஒழிச்சு வச்சிருந்த மூலையைப் பார்த்தாங்க. அப்புறம் ரெண்டு சட்டைக்குள்ள நனைஞ்சு போயிருந்த என்னைப் பார்த்தாங்க.

"ஆமாண்ணே. சீரு எதுக்கு? பொண்ணை அனுப்புங்க, போதும்."

சொல்லிட்டு சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. ஃபிரிட்ஜ் கதவுல கட்டியிருந்த கயிறு அவுந்து, கதவு படார்னு சுவத்துல இடிக்கற சத்தம் கேட்டுச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு, வெக்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

கிளம்பும்போது அவங்கப்பா ஸ்கூட்டரைத் திருப்பிக்கிட்டிருந்தார். பொண்ணு வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னு, காலருக்குள்ளேர்ந்து ஒயர் எட்டிப் பாக்குதே, வியாதியா, வேற ஏதாவதான்னு மெதுவா கேட்டா. வயித்துக்குள்ள எழுதின பரீட்சையில ஆரம்பிச்சு விமானம் வரைக்கும் ஒண்ணுவிடாம ஒப்பிச்சுட்டேன். அவ கேட்டைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா.

"எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க மொதல்ல ஒரு சட்டையைக் கழட்டுங்க."

மறுநாள் பெட்டியைக் கொண்டுபோய்க் குடுத்தோம். அம்மாவும் கூட வந்தாங்க. அந்தத் தம்பி திரையில துடிப்புக் கோட்டை நகர்த்திக்கிட்டே வந்து, ஒரு இடத்துல நிறுத்தினார். அங்க கோடு மலை ஏறுற மாதிரி எகிறியிருந்துச்சு. நேத்து சாயங்காலம் இந்த இடத்துல என்ன சார் ஆச்சு, ஓடினீங்களான்னு கேட்டார். எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு நான் முழிச்சேன்.

அம்மா எட்டிப் பார்த்து, அந்த உச்சியில விரலை வச்சாங்க.

"அது என் ஃபிரிட்ஜு, தம்பி."