போட்டிக்கு வந்தவரின் டைப்ரைட்டர்

“சொந்த டைப்ரைட்டருடன் காலை பத்து மணிக்கு வரவும். காலியிடம் ஒன்று.” 1964இல் கடலூர்க் கம்பெனி ஒன்று எனக்கு அனுப்பிய அட்டை இது.

சிதம்பரத்தில் நான் பயின்ற இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மெஷினை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தாள் சுற்றும் உருளை ஆடாமல் கட்டிவைக்க மறந்துவிட்டேன். கம்பெனி வராந்தாவில் மூடியைத் திறந்தபோது, உருளையை இழுக்கும் நாடா அறுந்து கிடந்தது. இனி அதில் ஒரு வரிகூட அடிக்க முடியாது.

போட்டியில் என்னைத் தவிர ஒரு பெண் மட்டுமே. உள்ளே அவர் அடித்துக்கொண்டிருந்தார். அவர் நிறையப் பிழை விடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்று எழுதவும் கூசுகிறது.

வெளியே வந்தவர் என் மெஷினைப் பார்த்தார். தன்னுடையதை என் பக்கம் நகர்த்தினார்.

“இதுல அடிங்க சார். ‘ஏ’ கட்டை கொஞ்சம் ஒட்டும், அழுத்தி அடிங்க.”

துணைக்கு வந்திருந்த அவருடைய அண்ணன் பதறினார். “ஏம்மா, உன் வேலைக்கு நீயே உலை வைக்கிறியா?”

“சும்மா இருண்ணே. அவுரு மிஷின் ரிப்பேரானதாலதான் வேலை கெடைச்சிதுன்னு நீயே நாளைக்குக் கிண்டல் பண்ணுவே.”

அவர் மெஷினிலேயே அடித்து முடித்தேன். நன்றி சொன்னதாக நினைவில்லை.

அடுத்த மாதம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. சேர்ந்தபின் பழைய கோப்புகளில் எங்கள் தேர்வுத்தாள்களைத் தேடினேன்; கிடைக்கவில்லை. நான் அவரைவிட நன்றாக அடித்தேனா, ஆண் என்பதால் எடுத்தார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.