வற்றிய போர்வெல்லில் முதல் மழை

திருச்செங்கோட்டில் போர்வெல் தோண்டும் ரிக் லாரிக்காரர் வீட்டில் பிறந்து, ரிக் லாரிக்காரருக்கே வாழ்க்கைப்பட்டவள் கமலவேணி. சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஒரே கனவுதான் வரும்: பூமி பிளந்து, வெள்ளைவெளேரென்று தண்ணீர் பீறிட்டு எழும். வறட்சியிலும் ஊரைத் தாங்கிப்பிடிக்க நாளைய ஊர்த் தலைவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். அங்கே கனவையே தலைகீழாக்கிவிட்டார்கள். வற்றிப்போன போர்வெல்லுக்குள் மழைநீரை இறக்க வேண்டுமாம்!

வேண்டாவெறுப்பாகத்தான் மற்றவர்களோடு சேர்ந்து வற்றிய போர்வெல்லைச் சுற்றிக் குழி வெட்டினாள். தண்ணீர் வடிந்து இறங்க அதில் கல்லும் மணலும் கொட்டினாள். ஐப்பசியில் மழை பிடித்தது. ஓடைத் தண்ணீர் குழிக்குள் பாய்ந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கமலவேணி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் ஓடினாள். போர் போடுமிடத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போது ஓடிப் பழகிய கால்கள்.

எதுவும் பீறிடவில்லை. தூக்கத்தில் குழந்தை பால் குடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் கீழே, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மெல்லத் திரும்பி வந்து போர்வெல் குழாயருகே உட்கார்ந்தாள்.

ராஜஸ்தானில் போர் போட்டுக்கொண்டிருந்த கணவன் சண்முகவேல் போனில் கூப்பிட்டான்.

"ஏம்புள்ள, தண்ணி வந்துருச்சா?"

"வரலீங்க. பூமி குடிக்குதுங்க."

போனைக் குழாய் வாயில் வைத்தாள். அந்தப் பக்கம் ரிக் இரைச்சல் நின்றது.

"இத்தன வருசமா பூமியத் தொளைக்கறன்," என்றான். "இந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்ல, புள்ள."