ஜப்பான் சாமிக்கு வைத்த பூ

எனக்கு முன்கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் புரியும். துபாயில், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் முதுகுக்குப் பின்னால் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று கத்தும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். 2007இல் எங்கள் அறையில் காலியாக இருந்த கட்டிலுக்கு ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வந்தார். அதே கிடங்கில் சரக்குக்குப் பேப்பர் எழுதுகிற வேலை. என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவு. கொழும்பில் இருந்தபோது ஜப்பான் சண்டைக் கலை பழகினவர், இங்கேயும் சத்வாவில் ஒரு மாடி ஹாலுக்கு வாராவாரம் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தம்பி, ஒரே ஒரு அடி சொல்லிக் குடுங்க. ஃபோர்மேன் ரெண்டு நாளைக்கு எந்திரிக்கக் கூடாது."

"இதில அடிக்கிறதே இல்லை அண்ணை. அடிக்க வாறவனுக்கும் நோகக் கூடாது. அதுதான் இந்தக் கலை."

"அப்ப அது என்னத்துக்குய்யா? அதுக்குப் பேசாம குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கலாமே."

அவர் சிரித்தார். அவருக்குக் கோபமே வராது. அதுவே எனக்குப் பாதி நாள் எரிச்சல்.

வந்த மறுநாளே ஃபிரிட்ஜுக்கு மேலே, எங்கள் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் பக்கத்தில், சட்டம் போட்ட ஒரு படத்தை மாட்டினார். வெள்ளைத் தாடி வைத்த மெலிந்த கிழவர், மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார். அறையில் இன்னும் இரண்டு பேர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். அதில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இவரு எந்தச் சித்தருங்க?" என்று கேட்டார். அந்தக் கலையைத் தோற்றுவித்தவர் என்று இவர் விளக்கினார். விளக்கி என்ன பயன்? அன்றிலிருந்து அந்தக் கிழவர் ஜப்பான் சாமி. வெள்ளிக்கிழமை முருகனுக்குக் காட்டுகிற சூடத்தை அவருக்கும் காட்டினோம். "காட்டுங்கோ, அவர் கோவிக்க மாட்டார்" என்பார்.

லீவு நாளில் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தக் கிழவரின் கதையைச் சொல்லுவார். இளவயதில் மகா முரடராம். பட்டாளத்துக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவராம். நாடே போரில் மூழ்கிக் கிடந்தபோது நகரத்துப் பள்ளியை விட்டுவிட்டு மனைவியோடு ஒரு கிராமத்துக்குப் போய் மண்ணைக் கொத்தினார், சின்னதாக ஒரு கோயில் கட்டினார். கடைசிக் காலத்தில் படியேறப் பிள்ளைகள் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டும், ஆனால் பயிற்சி விரிப்பில் கால் வைத்ததும் நிமிர்ந்துவிடுவார். பயிற்சிக்கு முன்னால் பிரார்த்தனை தொடங்கினால் முடிக்கவே மாட்டாராம். மண்டியிட்டிருக்கிற பிள்ளைகளுக்குக் கால் மரத்துப்போய்விடும்.

"எங்க ஊரு குருக்கள் மாதிரிதான். பொங்கல் ஆறிப்போனப்புறம்தான் விடுவாரு" என்றேன்.

"பழகின பெடியள் கன பேர் போருக்குப் போய்த் திரும்பி வரேல்லை அண்ணை. ஆக்களைச் சாகக் குடுத்த பிறகுதான், அடிக்க வாறவனையும் காப்பாத்த வேணும் எண்டு அவருக்கு விளங்கியிருக்கும். நான் அப்பிடித்தான் நினைக்கிறன்."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

விடிகாலையில் டூட்டி பஸ் வருமுன் அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சூரியனைப் பார்த்து நிற்பார். இரண்டு தடவை குனிவார், இரண்டு தடவை கை தட்டுவார், மறுபடி ஒரு தடவை குனிவார். கிழவர் கோயிலில் கும்பிட்ட முறை அது. கேட்டில் இருந்த பாகிஸ்தான் பட்டாணி வாட்ச்மேன்கூட அந்த நேரத்தில் ரேடியோவைக் குறைத்துவிடுவான்.

2008 கடைசியில் வன்னியில் போர் முற்றியது. அவருடைய ஒரே தங்கை, புருஷனை இழந்தவள், ஒரு பெண் குழந்தையோடு கிளிநொச்சிப் பக்கம் இருந்தாள். போன் போகவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்டார், யாருக்கும் தகவல் இல்லை. தங்கையின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை எடுத்துக் கிழவர் படத்தின் சட்டத்தில், கீழ் மூலையில் செருகி வைத்தார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு அவர் யோசனை. தொட்டிக்குப் பின்னால் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. டிரைவரிடம் சண்டை போட்டு இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தி வைத்தேன்.

தை மாதத்துக் கடைசி வெள்ளி. பர் துபாய் கோயிலுக்குப் போய்விட்டு இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தேன். அந்தத் தங்கைக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்ளலாம் என்றுதான் வாங்கினேன், சத்தியமாக. முருகனுக்குக் கொஞ்சம், அம்மனுக்குக் கொஞ்சம், மிச்சத்தை ஜப்பான் சாமிக்கு. பிறகு சந்தனம் குங்குமம். நம் வீடுகளில் வைக்கிற மாதிரி வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். கை வேகத்தில் கீழ் மூலைக்கும் போய்விட்டது.

சத்வா கிளாஸ் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் படத்துக்குப் பொட்டும் பூவும் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது அவர் ஊரிலும் அப்படித்தான், என் ஊரிலும் அப்படித்தான்.

அவர் பூவை எடுத்து மாரியம்மன் படத்தில் வைத்தார். கட்டைவிரலை நனைத்துத் தங்கையின் நெற்றியைத் துடைத்தார். வெறும் காகிதம், சுத்தமாகப் போகவில்லை. சிவப்பாக ஒரு கறை நின்றது.

"அடிங்க தம்பி" என்றேன். "ஒரு அறை விடுங்க என்னைய."

"பரவாயில்லை அண்ணை. தேத்தண்ணி போடட்டோ?"

அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அவர் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு நான் பூ வாங்கவில்லை. சூடம் காட்டுகிற வேலையையும் ராமநாதபுரத்துக்காரர்களிடம் விட்டுவிட்டேன். தம்பி முகத்தைப் பார்த்துப் பேசி நாளாயிற்று. என் நாக்கில் இருந்திருந்தால் அடக்கியிருப்பேன், சனியன் கையில் அல்லவா இருந்தது.

வைகாசியில் கனடாவிலிருந்து அவருடைய சித்தப்பா மகன் போன் செய்தார். குழந்தை உயிரோடு இருக்கிறது, வவுனியா முகாமில், ஒரு பக்கத்து வீட்டுக்காரியோடு. தங்கை இல்லை, ஷெல் விழுந்ததில் போய்விட்டாள். எந்த நாள் என்று இவர் கேட்டார். அது யாருக்கும் தெரியவில்லை. தையாக இருக்கலாம், மாசியாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தேதி எங்கே நினைவிருக்கும்? போனை வைத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

ராமநாதபுரத்துக்காரர்களில் ஒருவர் மெதுவாக, "நாள் தெரியலன்னா அமாவாசையில திதி குடுக்கலாம்னு சொல்லுவாங்க" என்றார்.

"இல்லை" என்றார் இவர். அப்புறம் என்னைப் பார்த்தார். "அண்ணை பூ வைச்ச நாளையே வைப்பம். அண்டைக்கு என்ன திதி எண்டு கலண்டரில பாத்திட்டன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "ஏன் தம்பி, என்னைய ஏன்…"

"அங்க அவளுக்கு ஆர் பூ வைச்சிருப்பினம், சொல்லுங்கோ. எடுத்துப் புதைச்சினமோ எண்டே தெரியாது. நீங்கள் ஒராளாவது வைச்சியள். அது எனக்குக் காணும், போதும்."

அடிக்க வந்தவனுக்கும் நோகக் கூடாது என்று அவர் சொன்னபோது நான் கிண்டல் செய்தவன். அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு நாற்பது வயது ஆள் நான் ஓவென்று அழுதேன். தங்கையைப் பறிகொடுத்தவர் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பர் துபாய்க்குப் போய் இரண்டு முழம் வாங்கி வந்தேன். பூவை அவர் சுற்றினார். பொட்டை மட்டும் என்னைத்தான் வைக்கச் சொன்னார். பழைய கறை இருந்த இடத்திலேயே வைத்தேன். குங்குமம் கொஞ்சம் அவள் கன்னத்தில் சிந்தியது. இந்த முறை அவர் துடைக்கவில்லை.